எங்கள் பிள்ளைகளைப் பின்கட்டுக்கு அனுப்பாதீர்கள்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான திறன் பயிற்சிகளை வகுத்து நடத்தும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு தகவல் வந்தது. என் மகன் படித்த பயிற்சி மையத்தில் அடுத்த அணியிலிருந்து அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓட்டல் சேவைப் பயிற்சி கிடையாதாம். அவர்களுக்கு இனி காகிதப் பை, மெழுகுவர்த்தி, ஃபினாயில். காது கேளாதவர்களுக்கும் கை கால் பாதிப்பு உள்ளவர்களுக்கும் ஓட்டல் பயிற்சி வழக்கம்போல் நடக்கும். போன் போட்டுக் காரணம் கேட்டேன். "வேலையில நிலைக்க மாட்டேங்கறாங்கம்மா. கஸ்டமர் முன்னாடி நிக்கிறதுக்கு இந்தப் பிள்ளைங்க சரிப்பட மாட்டாங்க. மேலேயே முடிவு பண்ணிட்டாங்க" என்றார்கள்.

அந்த "மேலே" இருக்கிறவர்களுக்குத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் மகனுக்கு 23 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவன், அதாவது பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். மதுரையில் ஒரு டிபன் ஓட்டலில் ஏழு மாதம் கஸ்டமர் முன்னால் நின்றவன். சரிப்பட மாட்டார்கள் என்று எந்த அதிகாரி முடிவெடுத்தாரோ, அவர் அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது அங்கே வந்து ஒரு காபி குடித்திருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்.

முதலில் பயிற்சி எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம், 18 பேர். மாடியில் ஒரு அறை, நான்கு பிளாஸ்டிக் மேஜை, ஒரு புரொஜெக்டர். "குட் மார்னிங் சார், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்பதைத் தினமும் சொல்ல வைத்தார்கள். என் மகனுக்கு நாக்கு கொஞ்சம் தடித்தது, தமிழே நிதானமாகப் பேசினால்தான் புரியும். அந்த ஆங்கில வரியை மனப்பாடம் செய்ய ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்றான். நாப்கினை விசிறிபோல மடிக்க இரண்டு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். அழகாக மடித்தான். அவன் வேலைக்குப் போன ஓட்டலில் துணி நாப்கினே கிடையாது. காலை ஏழு மணிக்குப் பொங்கல் வடை சாப்பிட வருகிறவர்களுக்கு அங்கே எவர்சில்வர் ஸ்டாண்டில் டிஷ்யூ பேப்பர்தான்.

மேஜை துடைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அந்த மேஜையில் ஒருவரும் சாப்பிட்டதில்லை. சுத்தமான மேஜையைச் சுத்தமான துணியால் மூன்று மாதம் துடைத்தான் என் மகன்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குத் தானாகக் கொண்டுபோவது கஷ்டம். சிறப்பாசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார். எங்கள் வீட்டுக் குழாயைத் திருகித் திறக்கிற என் மகன், அவனுடைய அத்தை வீட்டில் அழுத்தித் திறக்கிற குழாய் முன்னால் கையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருப்பான். பத்து வயதிலும் அப்படித்தான், இருபது வயதிலும் அப்படித்தான். அதனால் அவனுக்கு எதைக் கற்றுக்கொடுத்தாலும் அது நடக்கிற இடத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாட்டுத்தாவணி பஸ்ஸில் தனியாகப் போகப் பழக்கியபோது பஸ் படம் காட்டிக்கொண்டிருக்கவில்லை. மூன்று வாரம் அதே நேரத்துக்கு அதே பஸ்ஸில் கூட ஏறினேன். முதலில் பக்கத்து சீட்டில், அப்புறம் நாலு சீட் தள்ளி, அப்புறம் அடுத்த பஸ்ஸில். எட்டாம் வகுப்பு வரை படித்த எனக்குத் தெரிந்த இந்தச் சங்கதி பாடத்திட்டம் போடுகிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் மாடி அறையில் நடத்துகிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ஓட்டலில் முதல் பத்து நாள் மோசமாகத்தான் போனது. மூன்றாவது நாள் காலை, கூட்ட நேரம். மேஜையைத் துடைக்கச் சொன்னார்கள். கற்றுக்கொடுத்தபடியே கையை நீட்டி முன்பக்கமாகத் தள்ளித் துடைத்தான். சாம்பாரும் சட்னியும் அப்படியே போய் எதிரே உட்கார்ந்திருந்தவர் வேட்டியில் கொட்டியது. வெள்ளை வேட்டி. அவர் கத்தினார், இவன் துணியைப் போட்டுவிட்டு சுவரோரம் போய் நின்றுவிட்டான்.

அந்த ஓட்டலில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிற ஒரு சப்ளையர் அண்ணன் இருக்கிறார். அவர் வேட்டிக்காரரைச் சமாதானம் செய்து அனுப்பினார். மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் ஒரு மேஜையில் மிச்ச சாம்பாரை ஊற்றி, இட்லியைப் பிய்த்துப் போட்டு, என் மகனைக் கூப்பிட்டார். டப்பை மேஜை விளிம்புக்குக் கீழே பிடிக்க வைத்தார். "உன் பக்கம் இழு தம்பி. எப்பவும் உன் பக்கம். அந்தப் பக்கம் ஆள் இருக்கு." முதலில் தட்டு, டம்ளர். அப்புறம் ஈரத்துணியால் சோற்றுப் பருக்கை. அப்புறம் இன்னொரு துணி. கடைசியில் காய்ந்த துணி. நான் அவனைக் கூட்டிப்போக வந்து வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாற்பது தடவைக்குக் குறையாமல் அந்த ஒரே மேஜையில் சாம்பாரை ஊற்றித் துடைக்க வைத்தார். மறுநாளும், அதற்கு மறுநாளும். அப்படிப் பழக்க ஆரம்பித்த நாலாம் நாளிலிருந்து யார் மேலேயும் ஒரு சொட்டுப் பட்டதில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைக்கும்போது "உன் பக்கம், உன் பக்கம்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டுதான் துடைக்கிறான்.

அந்த அண்ணனுக்குப் பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் இல்லை. டம்ளர் தூக்குவதையும் அவர்தான் பழக்கினார். இரண்டு டம்ளரில் ஆரம்பித்து ஒன்பது நாள் கழித்து மூன்று, அடுத்த மாதம் நாலு. ஆர்டர் எடுப்பதுதான் கஷ்டம், இவனால் வேகமாக எழுத முடியாது. முதலாளியின் மகள் 14 அயிட்டங்களுக்குப் படம் போட்டு ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்தாள். சாப்பிட வருகிறவர் படத்தைத் தொட வேண்டும், இவன் அதே படம் போட்ட சீட்டில் டிக் அடித்து உள்ளே கொடுப்பான். செலவு நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதே, அது நடைமுறையில் இவ்வளவுதான். ஓர் அட்டை, கூட நிற்க ஒரு மனிதர், கொஞ்சம் நாள்.

அவனிடம் இன்னொன்று இருந்தது, அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "இன்னொரு இட்லி வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நிற்பான். கூட்ட நேரத்தில் மற்ற சப்ளையர்கள் கேட்டுக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்கள், அது அவர்கள் வேலையின் அவசரம். இவன் நிற்பான். அதற்காகவே இவன் பார்க்கிற நாலாம் மேஜை காலியாகும்வரை காத்திருந்து உட்காருகிற வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். காது மந்தமான ஒரு பெரியவருக்கு அந்தப் பட அட்டை பெரிய வசதியாகப் போனது.

ஏழாம் மாதம் மேனேஜர் மாறினார். புதிதாக வந்தவரிடம் ஒருவர், "ஆர்டர் எடுக்க லேட் ஆகுது, பேசுறது புரியல" என்று புகார் சொன்னார். ஒரே ஒரு புகார். மறுநாளே என் மகனைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சப்ளையர் அண்ணன் பேசிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை.

பாத்திரம் கழுவுகிற வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. நானும் ஒரு மெஸ்ஸில் மூன்று வருஷம் பாத்திரம் கழுவியவள்தான். ஆனால் என் மகன் சப்ளை செய்யக் கற்றுக்கொண்டவன். பின்கட்டுக்கு அனுப்பிய பிறகும் ஐந்து நாள் தினமும் காலையில் தன் வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணச் சொன்னான். தேய்த்துக் கொடுத்தேன், போட்டுக்கொண்டு போனான். சாயங்காலம் நெஞ்சு வரை நனைந்து, சீயக்காய் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை பிடித்துத் திரும்பி வந்தது சட்டை. ஆறாம் நாள் அயர்ன் பண்ணச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வேலைக்குப் போகவே இல்லை.

அவன் வேலையில் சேர்ந்த பிறகு அந்த மையத்திலிருந்து மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தோம். வேலை கொடுத்தாயிற்று என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒரு போன் இல்லை, ஓட்டலுக்கு ஒருவரும் வந்து பார்க்கவில்லை. மேனேஜர் மாறிய அந்த வாரத்தில் ஒரே ஒருவர் வந்து "இந்தப் பையன் இப்படித்தான் வேலை செய்வான், இந்த அட்டையை இப்படிக் கொடுங்கள், புகார் வந்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்" என்று அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும். அந்த 18 பேரில் வேலைக்குப் போனது ஆறு பேர். இன்று வேலையில் இருப்பது ஒரே ஒரு பையன், அதுவும் சொந்த மாமாவின் மெஸ்ஸில். அவனுக்கு என்ன தனித் திறமை? பக்கத்தில் மாமா இருக்கிறார், அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மாமாவை ஏற்பாடு செய்வது. பயிற்சியையே நிறுத்துவது எப்படித் தீர்வாகும்?

இது சலுகை கேட்கிற விஷயம்கூட இல்லை. அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவைத் தயவுசெய்து எடுத்துப் படித்துப் பாருங்கள். எல்லாருக்குமான தொழிற்பயிற்சிகளில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. அதோடு வளர்ச்சிசார் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே, சந்தையோடு நேரடித் தொடர்புள்ள தனிப் பயிற்சிகள் வேண்டும் என்றும் சொல்கிறது. மற்றவர்களுக்கு ஓட்டல், இவர்களுக்கு மட்டும் காகிதப் பை என்று பிரித்தால் இந்தப் பிரிவை எங்கே கொண்டுபோய் வைப்பது? எங்கள் குழுவில் உள்ள அம்மாக்களைக் கேளுங்கள், மெழுகுவர்த்தியும் ஃபினாயிலும் செய்யப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்த பொருளைச் சொந்தக்காரர்கள்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கஸ்டமர் முன்னால் நிற்க முடியாது என்கிற பேச்சுக்கு வருகிறேன். லெமன் ட்ரீ ஓட்டல்கள் 2007இல் காது கேளாதவர்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்து, பிற்பாடு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டன. 2017இல் ஹுப்பள்ளியில் ஒரு கல்லூரி வளாகத்தில் தொடங்கிய மிட்டி கஃபேயில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் வேலை பார்க்கிறார்கள். அதன் கிளை 2023 நவம்பரில் டெல்லியில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது, திறந்து வைத்தவர் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட். உச்ச நீதிமன்றத்து வக்கீல்களுக்குக் கஷ்டமில்லாமல் காபி கொடுக்க முடிகிறது. மதுரையிலும் திருச்சியிலும் சேலத்திலும் முடியாதா?

எல்லாப் பிள்ளைகளும் சப்ளையர் ஆக முடியும் என்று நான் வாதாடவில்லை. அதே அணியில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண் இருந்தாள். ஓட்டலில் இரண்டாம் நாளே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். கிரைண்டர் சத்தம், எக்ஸாஸ்ட் ஃபேன், தட்டுகளைப் போடுகிற சத்தம். அவளுக்கு அந்த இடம் சரிவரவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பெண் ஆறு வகை சட்னி, சாம்பார் பாக்கெட்டுகளை ஒன்றுகூட மாறாமல் பார்சலில் வைப்பாள், முடிச்சு அவிழாது. சத்தமில்லாத ஓர் இனிப்புக் கடையின் பார்சல் மேஜையில் அவள் இன்றைக்கு வேலையில் இருந்திருக்கலாம். முதல் வாரத்திலேயே நாலு விதமான கடைகளில் நிறுத்திப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். மூன்று மாதம் மாடி அறையில் உட்கார வைத்ததால் கடைசி வரை தெரியவில்லை. எந்தப் பிள்ளைக்கு எது சரிவரும் என்பதை வேலை நடக்கிற இடத்தில் பார்த்துச் சொல்லுங்கள். சான்றிதழில் எழுதியிருக்கிற குறைபாட்டின் பெயரைப் பார்த்து ஒட்டுமொத்தமாகக் கதவைச் சாத்துவது நியாயமே இல்லை.

உதவித்தொகை பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆதரவு, மறுக்கவில்லை. ஆனால் என் மகன் ஓட்டலில் வாங்கிய முதல் மாதச் சம்பளம் 8,500 ரூபாய். அதில் தன் தங்கைக்கு ஒரு குடை வாங்கினான். எனக்கு வயது 54. எனக்குப் பிறகு அவன் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும்.

நான் கேட்பது இவைதான்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓட்டல் சேவைப் பயிற்சி இல்லை என்ற முடிவை அடுத்த அணிக்கு ஆள் சேர்ப்பதற்கு முன் திரும்பப் பெறுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், எல்லா மையங்களுக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

பயிற்சியை மாடி அறையிலிருந்து இறக்கி, நடக்கிற ஓட்டல்களுக்குள் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு வாரம் டிபன் கடை, பேக்கரி, கேன்டீன், பார்சல் கடை என்று நாலைந்து இடத்தில் நின்று பார்க்கட்டும். அப்புறம் ஒரே இடத்தில் குறைந்தது ஆறு மாதம். மூன்று மாதம் இவர்களுக்குப் போதாது. அந்த ஆறு மாதமும் பயிற்சிக் காலச் சம்பளம் கொடுங்கள். கூட நின்று கற்றுக்கொடுக்கிற சப்ளையருக்கு மாதாமாதம் மதிப்பூதியம் கொடுங்கள். எங்கள் மகனுக்கு அமைந்த அண்ணன் தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். அவர் நல்ல மனது கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம், அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு அரசுத் திட்டம் நடக்கக் கூடாது.

வேலையில் சேர்ந்த பிறகு ஓராண்டு வரை ஒரு வேலைத்துணையாளரை நியமியுங்கள். முதல் மாதம் வாரம் இருமுறை, பிறகு மாதம் இருமுறை அவர் நேரில் போக வேண்டும். முதலாளியோ மேனேஜரோ மாறினால் அந்த வாரமே போக வேண்டும். புகார் வந்தால் வேலையை மாற்றுவதற்கு முன் அவரையும் குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று ஓட்டலோடு போடுகிற ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வேலை கொடுத்த கணக்கை மூன்றாம் மாதம் மூடாமல் பன்னிரண்டாம் மாதம் எண்ணுங்கள்.

ஐடிஐகளில் உணவு தயாரிப்பு, பரிமாறல் பிரிவுகளில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். என் மகன் திறந்தநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு நிலை வரை முடித்தவன். அவனைப் போன்றவர்கள் செய்முறைத் தேர்வு மட்டும் எழுதிச் சேர ஒரு வழி செய்யச் சொல்லி வேலைவாய்ப்பு, பயிற்சித் துறைக்கு உங்கள் தரப்பிலிருந்து எழுதுங்கள்.

கடைசியாக, தனியார் ஓட்டல்களைக் கேட்பதற்கு முன் அரசு தன் கையில் இருக்கிற இடங்களைக் கொடுக்கட்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஓட்டல் தமிழ்நாடு, ஆட்சியர் அலுவலகக் கேன்டீன்கள், அரசு மருத்துவமனைக் கேன்டீன்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பயிற்சி இடம் ஒதுக்குங்கள். முன்பக்கம், சாப்பிட வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பதில் எழுதுவதற்கு முன் உங்களில் ஒருவர் மதுரைக்கு வந்தால் அந்தச் சப்ளையர் அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். மூன்று மணிக்கு மேல் வந்தால் அவருக்குப் பேச நேரம் இருக்கும். என் மகனையும் அழைத்து வருகிறேன், பட அட்டையைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மதுரை